முதல் மாத்திரைக்கு முன் ஓர் இரத்தச் சோதனை: மலேசியச் சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், சுகாதாரத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், மருந்துச் சேவைப் பிரிவின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பினாங்கில் அரசாங்க மருந்தகக் கவுண்டர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வரிசை எண்ணை அழைத்து, மாத்திரைப் பொட்டலங்களை எண்ணி நீட்டி, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மலாயிலும் தமிழிலும் தெரிந்த கொஞ்சம் ஹொக்கியனிலும் சொல்வதே என் பிழைப்பாக இருந்தது. இம்மடலின் மலாய்ப் பிரதியை முறைப்படி புத்ராஜெயாவுக்கு அனுப்பிவிட்டேன். தமிழில் பொதுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இதில் சொல்லப்படும் ஆபத்து எந்த வழியாக நம் வீடுகளுக்குள் நுழைகிறது என்பதை நம் மக்களும் அறிய வேண்டும்.

நான் கேட்பது இதுதான். கார்பமசெபின் மாத்திரையைப் புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு நோயாளிக்கும், அவருடைய கோப்பில் எந்த இனம் எழுதியிருந்தாலும், முதல் மாத்திரையைக் கையில் கொடுப்பதற்கு முன் எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகைக்கான இரத்தச் சோதனையை அரசாங்கச் செலவில் செய்யுங்கள். மருத்துவர் விரும்பினால் செய்யலாம் என்ற நிலை போதாது. சோதனை முடிவு கோப்பில் இல்லாமல் மருந்தகம் அந்த மாத்திரையை வெளியே விடக் கூடாது.

கார்பமசெபின் கெட்ட மருந்து என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வலிப்பு நோய்க்கும், முகத்தின் ஒரு பக்கத்தைச் சுண்டி இழுக்கும் நரம்பு வலிக்கும், சிலவகை மனநோய்க்கும் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் மருந்து அது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. விலையும் குறைவு. பெரும்பாலோர் பெரிய தொல்லை இல்லாமல் சாப்பிட்டு வருகிறார்கள். ஆனால் ஒரு சிலருக்கு, பெரும்பாலும் தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள், ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற கொடிய தோல் நோயை அது வரவழைத்துவிடுகிறது. காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல் என்று சாதாரணமாகத்தான் தொடங்கும். பிறகு வாயிலும் உதட்டிலும் புண். பிறகு உடம்பெங்கும் தடிப்பும் கொப்புளமும். அதற்கும் பிறகு தோல் உரியத் தொடங்கும். இந்த நோய் வந்தவர்களில் பத்தில் ஒருவர்வரை இறந்துபோகிறார்கள். உடலின் பெரும்பகுதித் தோல் உரிந்துவிடும் முற்றிய நிலையில், ஏறத்தாழ மூவரில் ஒருவர் பிழைப்பதில்லை.

ஏன் சிலருக்கு மட்டும்? நம் உடலின் உயிரணுக்கள் தம் மேற்பரப்பில் சில புரதங்களைத் தாங்கி நிற்கின்றன. அணுவுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதை நோய் எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டுவது அவற்றின் வேலை. கிருமி புகுந்த அணு எது என்று கண்டுபிடிப்பது அப்படித்தான். இந்தப் புரதங்களின் வகைகள் ஆளுக்கு ஆள் மாறுபடும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வருபவை. அவற்றுள் 15:02 என்ற வகையோடு கார்பமசெபின் பிணைந்துகொள்கிறது. எதிர்ப்பு அணுக்கள் அதைப் பகையென்று எடுத்துக்கொண்டு சொந்தத் தோலையே கொல்லத் தொடங்குகின்றன. மருந்தின் அளவு கூடிப்போனதால் வருகிற கேடு அல்ல இது. மருத்துவர் சரியான அளவில் எழுதி, மருந்தகம் சரியாக எண்ணிக் கொடுத்து, நோயாளி ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டாலும் வரும். அதனால்தான் தொடங்குமுன் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இவையெல்லாம் புதிய செய்திகள் அல்ல. 2004இல் தைவான் ஆய்வாளர்கள், கார்பமசெபினால் இந்நோய் வந்த 44 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் 15:02 இருந்தது. அதே மாத்திரையைத் தொல்லையின்றிச் சாப்பிட்டு வந்த 101 பேரில் மூவரிடம் மட்டுமே இருந்தது. 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆசிய வம்சாவளியினருக்கு இம்மருந்தைத் தொடங்குமுன் சோதிக்கும்படி அறிவுறுத்தியது. 2011இல் தைவானிலிருந்தே இன்னொரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 23 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 4,900 பேரை முன்கூட்டியே சோதித்து, 15:02 இருந்த 7.7 விழுக்காட்டினருக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். அந்த ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்குக்கூட ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வரவில்லை. சோதனை இல்லாத காலத்துக் கணக்குப்படி சுமார் பத்துப் பேருக்கு வந்திருக்க வேண்டும். அந்தப் பத்துப் பேர் யார் என்று யாருக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. தடுப்பு மருத்துவத்தின் வெற்றி எப்போதும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல்தான் இருக்கும். அதனாலேயே அதற்குப் பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

சிங்கப்பூர் 2013 முதல் இச்சோதனையை, ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த புதிய நோயாளிகளுக்கு வழக்கமான நடைமுறையாக்கி, உதவித்தொகையும் தருகிறது. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் வாழும் தமிழருக்குக் கிடைக்கிற பாதுகாப்பு இந்தப் பக்கம் வாழும் தமிழருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

நம் நாட்டில் இச்சோதனை இல்லாமல் இல்லை. பெரிய மருத்துவமனைகளில் கேட்டால் எடுக்கலாம். ஆனால் யாராவது கேட்க வேண்டும். கேட்பதும் கேட்காததும் மருத்துவரின் நினைவையும், அன்றைய கூட்டத்தையும், கோப்பின் முதல் பக்கத்தில் உள்ள இனக் கட்டத்தையும் பொறுத்திருக்கிறது. சீனர், மலாய்க்காரர் என்றிருந்தால் நினைவு வரக்கூடும். இந்தியர் என்றிருந்தால் ஆபத்து குறைவு என்று மனம் கடந்துபோகும்.

அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

என் அத்தை நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். என் பாட்டி பெற்ற பிள்ளை அல்லர். போருக்குப் பிந்திய வறுமையில் சீனக் குடும்பம் ஒன்று கைக்குழந்தையாகக் கொடுத்த பெண். இந்த நாட்டின் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இது வியப்பான செய்தியாக இராது. பெண்ணாகப் பிறந்ததற்காகவும் சோற்றுக்கு வழியில்லாததற்காகவும் கொடுக்கப்பட்ட எத்தனையோ சீனக் குழந்தைகளைத் தமிழ்த் தாய்மார்கள் எடுத்து வளர்த்தார்கள். அவர்கள் தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள், பால்குடம் எடுத்தார்கள், தமிழ் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டினார்கள். என் அத்தைக்குத் தமிழைத் தவிர வேறு மொழியில் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் அவரைப் போல் மாரியம்மன் தாலாட்டைப் பிசிறில்லாமல் பாட இன்றுவரை ஒருவரும் இல்லை.

வயதான காலத்தில் அவருக்கு முகத்து நரம்பு வலி வந்தது. காலையில் பல் துலக்கும்போது தண்ணீர் பட்டால் போதும், வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவார். ஒரு மருத்துவமனையில் கார்பமசெபின் எழுதிக் கொடுத்தார்கள். வலி நன்றாகவே குறைந்தது. சில வாரங்களில் காய்ச்சல் வந்தது, கண் சிவந்தது, முகத்திலும் மார்பிலும் சிவப்புப் புள்ளிகள் எழும்பின. தமிழ் வீட்டில் காய்ச்சலோடு உடம்பில் எழும்பினால் என்ன சொல்வார்கள்? ஆத்தா வந்திருக்கிறாள் என்றார்கள். நிலைப்படியில் வேப்பிலை செருகினார்கள். வெளியாட்கள் வருவது நின்றது. தாளிப்பு நின்றது. இளநீரும் கஞ்சியும் கொடுத்து, வேப்பிலையால் வருடிவிட்டு, பக்தியோடும் அன்போடும் கவனித்துக்கொண்டார்கள். கன்னத்து வலி திரும்பிவிடக் கூடாது என்று அந்த மாத்திரையையும் வேளை தவறாமல் கொடுத்தார்கள்.

கஞ்சி உள்ளே போகாமல் வாயெல்லாம் வெந்துபோன பிறகுதான் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். நான் போய்ப் பார்த்தபோது முதுகில் தோல் இருக்க வேண்டிய இடத்தில் ஈரமான சிவப்பு மட்டும் இருந்தது. தாதியர் படுக்கை விரிப்பை மாற்றும்போது விரிப்போடு தோலும் சேர்ந்து வந்தது. கண்ணிமைகள் கருவிழியோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கண் மருத்துவர் நாள்தோறும் வந்து மெல்லிய கண்ணாடிக் குச்சி ஒன்றை இமைக்கு அடியில் விட்டுப் பிரித்துவிட்டார். அந்த வலியில் அத்தையால் கத்தக்கூட முடியவில்லை, உதடு திறக்கவில்லை. வார்டில் இருந்த ஒரு மருத்துவர் அவர் முகத்தைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். முதல் பக்கத்தில் இனம் என்ற இடத்தில் இந்தியர் என்று இருந்தது. பிறகு எடுத்த சோதனையில் 15:02 இருப்பது தெரிந்தது.

அத்தை பிழைத்துக்கொண்டார். அங்கே இருந்த தாதியருக்கும் மருத்துவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. ஆனால் கண்ணீர் சுரப்பது நின்றுவிட்டது. நாள் முழுக்கக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெளிச்சம் பார்த்தால் கூசுகிறது. கருவிழியில் தழும்பு விழுந்து பார்வை மங்கிவிட்டது. தமிழ் நாளிதழைத் தலைப்பு முதல் மரண அறிவிப்பு வரை படித்து முடிக்கிறவருக்கு இப்போது பேத்தி படித்துக் காட்டுகிறாள்.

ஒவ்வாமை அட்டை ஒன்று கொடுத்தார்கள். அதில் இருப்பது அவர் படிக்கத் தெரியாத மொழிகள். அவருடைய பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தாயிடம் இந்த வகை ஒரு பங்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்தப் பிள்ளைகளின் கோப்புகளிலும் இந்தியர் என்றுதான் எழுதியிருக்கிறது. பேரப்பிள்ளைகளின் கோப்புகளிலும் அப்படியே. நாளை அவர்களில் ஒருவருக்கு வலிப்போ நரம்பு வலியோ வந்தால், பாட்டியின் கதையைச் சொல்ல வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.

இது என் குடும்பத்துக்கு மட்டும் உரிய விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பினாங்கில் எந்தத் தெருவிலும் சீன இந்தியக் கலப்புக் குடும்பம் ஒன்றைக் காட்ட என்னால் முடியும். அப்பா தமிழர், அம்மா சீனர் என்றால் பிள்ளையின் பதிவில் ஒரே ஓர் இனம்தான் இடம்பெறும். மரபணு அந்தப் பதிவைப் பார்த்து இறங்குவதில்லை. கலப்பே இல்லாத இந்தியரிடமும் 15:02 அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2009இல் இந்தியாவிலிருந்து வந்த ஒரு சிறிய ஆய்வில், கார்பமசெபினால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வந்த எட்டுப் பேரில் ஆறு பேரிடம் இதே வகை இருந்தது. நம் நாட்டில் மலாய்க்காரரிடையே இந்தத் தொடர்பு வலுவாக இருப்பதை உள்நாட்டு ஆய்வாளர்களே 2011இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

இந்தியர் என்ற ஒரே கட்டத்துக்குள் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லோரையும் அடைத்து வைத்திருக்கிறோம். தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணம் முடித்துக்கொண்ட சமூகங்களில் தனித்தனி மரபணு வகைகள் தங்கிவிடுகின்றன. ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் வாழும் ஆரிய வைசியர்களிடம், அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் மருந்தைச் சிதைக்கும் நொதி இல்லாத நிலை, மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. சில நிமிடங்களில் தெளிய வேண்டிய மருந்து அவர்களுக்கு மணிக்கணக்கில் நீடித்து, மூச்சு விடும் தசைகளும் இயங்காமல் போகும். சுவாசக் கருவியில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். மயக்க மருந்து நிபுணருக்கு முன்கூட்டியே தெரிந்தால் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார், அவ்வளவுதான். இந்தியர் என்ற ஒற்றைச் சொல் அவருக்கு எந்தத் தகவலையும் தராது.

மருந்து உடலுக்கு உடல் மாறுபடும் என்ற அறிவு தமிழருக்குத் தூரத்து அறிவும் அல்ல. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியசிட்டைச் சிலர் உடல் விரைவாகவும் சிலர் உடல் மெதுவாகவும் செயலிழக்கச் செய்யும். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம் இதைத் தென்னிந்திய நோயாளிகளிடம் விரிவாக ஆராய்ந்தது. அவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மெதுவானவர்கள். மருந்து அதிக அளவில் கொடுக்கப்பட்டபோது கைகால் மரத்துப்போகும் நரம்புக் கோளாறு அவர்களுக்கே அதிகம் வந்தது. சிறிதளவு பி6 வைட்டமின் சேர்த்துக் கொடுத்தால் அதைத் தடுக்கலாம் என்று கண்டார்கள். இன்று நம் கிளினிக்கில் காசநோய் மாத்திரைகளோடு பி6 வைட்டமினும் சேர்ந்தே வருகிறது. நான் எத்தனையோ பேருக்கு அதை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். மருத்துவர் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை, நோயாளி கேட்க வேண்டியதில்லை. ஆய்வில் கண்டது அன்றாட வழக்கமாகிவிட்டது. கார்பமசெபினுக்கும் இந்த நிலையைத்தான் கேட்கிறேன்.

இதைவிட நெருக்கமான முன்மாதிரி உங்கள் அமைச்சிலேயே இருக்கிறது. இந்த நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி நொதிக் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்கிறோம். அதுவும் மரபணுவால் வருவதுதான். மலேரியா மருந்தான பிரிமாகுவின் சாப்பிட்ட சிலருக்குச் சிவப்பணுக்கள் சிதைவது ஏன் என்று ஆராய்ந்தபோது 1956இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட குறைபாடு. எந்தக் குழந்தைக்கு எடுப்பது, எந்தக் குழந்தைக்கு விடுவது என்று இனம் பார்த்து நாம் பிரிப்பதில்லை. குறைபாடு இருந்தால் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் எழுதுகிறார்கள், எந்தெந்த மருந்து ஆகாது என்று தாயிடம் சொல்கிறார்கள், துணிமணிக்குள் அந்துருண்டை வைக்காதீர்கள் என்று தாதி எச்சரித்து அனுப்புகிறார். தோட்டத்துத் தாய்மார்களுக்கும் இது மனப்பாடம். கவுண்டரில் நிற்கும்போது, என் மகனுக்கு ஜி6பிடி இருக்கிறது, இந்த மருந்து கொடுக்கலாமா என்று அவர்களாகவே கேட்பார்கள். பல பத்தாண்டுகளாக நாம் இதைச் செய்து வருகிறோம். செய்யத் தெரிந்த நாடுதான் இது.

செலவு என்ற கேள்வி வரும், வர வேண்டியதுதான். ஒரு வெள்ளி கட்டிவிட்டு மருத்துவரையும் பார்த்து மருந்தையும் வாங்கிச் செல்லும் நாட்டில், ஒவ்வொரு காசையும் எங்கே போடுவது என்று நீங்கள் யோசிப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தச் சோதனை ஒருவருக்கு ஆயுளில் ஒருமுறைதான். முடிவு மாறவே மாறாது. இன்னொரு பக்கத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கான படுக்கை, தீக்காயத்துக்குச் செய்வது போன்ற பராமரிப்பு, பிறகு வாழ்நாள் முழுவதும் கண் மருத்துவம். இவை எல்லாமும் அரசாங்கச் செலவுதான்.

செலவைவிட எனக்குக் கவலை தருவது நடைமுறை. ஹாங்காங் 2008இல் இச்சோதனையைக் கட்டாயமாக்கியது. கார்பமசெபினால் வரும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் அங்கே நின்றே போனது. ஆனால் சோதித்துக் காத்திருக்கும் தொல்லை வேண்டாம் என்று பல மருத்துவர்கள் கார்பமசெபினை விட்டுவிட்டு ஃபெனிட்டோயின் போன்ற மருந்துகளை எழுதத் தொடங்கினார்கள். அவற்றாலும் இதே தோல் நோய் வரக்கூடும். வலிப்பு மருந்துகளால் வந்த மொத்தப் பாதிப்பு அங்கே குறையவில்லை. இந்தப் பாடத்தை நாம் காசு கொடுக்காமல் கற்றுக்கொள்ளலாம். கட்டாயம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் மட்டும் போதாது. முடிவு விரைவில் கைக்கு வர வேண்டும். கெடாவிலோ பெர்லிசிலோ எடுத்த இரத்தம் கோலாலம்பூருக்குப் போய்த் திரும்பும்வரை நோயாளியைக் காக்க வைத்தால், மருத்துவர் வேறு வழி தேடத்தான் செய்வார். வட்டாரத்துக்கு ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும். முடிவு வரும்வரை வலிப்பையும் வலியையும் எப்படிச் சமாளிப்பது, எந்த மாற்று மருந்து யாருக்குப் பொருந்தும் என்ற வழிகாட்டியும் சேர்ந்தே வர வேண்டும்.

சோதனையின் எல்லையையும் மக்களுக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும். 15:02 இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. இல்லாதவருக்கு வரவே வராது என்றும் இல்லை. 31:01 போன்ற வேறு வகைகளும் உண்டு. எனவே சோதனை முடிவு நல்லபடியாக வந்தாலும் எச்சரிக்கைக் குறிகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நோயாளிகளின் இன்னொரு அச்சமும் எனக்குத் தெரியும். மரபணுச் சோதனை என்றதும் பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடுமோ, காப்புறுதி நிறுவனம் கழித்துவிடுமோ என்று பயப்படுவார்கள். 15:02 இருப்பது ஒரு நோய் அல்ல. சில மருந்துகளைத் தவிர்க்க வேண்டிய உடல் என்பதைத் தவிர அதில் வேறு குறை எதுவும் இல்லை. அந்த முடிவு நோயாளியின் கோப்பையும் அவர் கையிலுள்ள அட்டையையும் தாண்டி எங்கும் போகாது என்ற எழுத்துப்பூர்வமான உறுதியை அமைச்சு தர வேண்டும்.

அந்த அட்டையைத் தமிழிலும் அச்சிடுங்கள். அதோடு, கார்பமசெபின் கொடுக்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு தாள் வையுங்கள். அதில் என்ன எழுத வேண்டும் என்பதை நானே எழுதித் தருகிறேன்: "இந்த மாத்திரையைத் தொடங்கிய மூன்று மாதங்களுக்குள் காய்ச்சலோடு வாய்ப்புண்ணோ, கண் சிவப்போ, தோலில் தடிப்போ வந்தால் அம்மை என்று நினைத்து வீட்டில் இருக்காதீர்கள். மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்." வேப்பிலையையோ வழிபாட்டையோ குறை சொல்ல வேண்டியதில்லை. ஆத்தாளை வணங்கிவிட்டுப் புறப்படலாம். ஆனால் அன்றே புறப்பட வேண்டும். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இந்த ஒரு செய்தியைத் தத்தம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால்கூடப் பெரிய உதவி.

கார்பமசெபினில் தொடங்கச் சொல்கிறேன், அதோடு நிறுத்தச் சொல்லவில்லை. கௌட் என்ற மூட்டு வலி நோய்க்கு அன்றாடம் கொடுக்கும் அலோபியூரினாலும் இதே தோல் நோயைத் தரும். அதற்குரியது 58:01 என்ற வகை என்பதையும் 2005இல் தைவான் ஆய்வாளர்கள்தாம் கண்டறிந்தார்கள். நம் நாட்டில் கடுமையான தோல் பாதிப்புகளில் அடிக்கடி அடிபடும் பெயர் அது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மெர்காப்டோபியூரின், நூட்15 என்ற மரபணுவின் சில வகைகள் உள்ள பிள்ளைகளுக்கு வழக்கமான அளவிலேயே வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அந்த வகைகள் கிழக்காசியரிடமும் தெற்காசியரிடமும் ஐரோப்பியரைவிட அதிகம். இதய அடைப்புக்குக் குழாய் வைத்த பிறகு கொடுக்கும் குளோபிடோகிரெல், அதை உடலுக்குள் செயல்படவைக்கும் நொதி குறைந்தவர்களுக்குப் போதிய பயன் தராது. இதய நோய் நம் சமூகத்தை எப்படி வாட்டுகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் செலவும் பயனும் வேறு. நிபுணர்கள் கணக்குப் போட்டு முடிவு செய்யட்டும். கார்பமசெபினில் மட்டும் கணக்குப் போட்டு முடித்த நாடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன.

பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமைக்கும் ஒரு வார்த்தை. பக்கவிளைவுகளை ஆராயும் ஆலோசனைக் குழு 1987 முதல் இருக்கிறது. நோயாளியே நேரடியாகப் புகார் செய்ய ஒரு படிவமும் இருக்கிறது. எங்கள் மக்களோ, இந்த மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், மிச்ச மாத்திரையைக் குப்பையில் போடுவார்கள், அடுத்த தவணையில் மருத்துவரிடம் வாய் திறக்க மாட்டார்கள். டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயம். அந்தப் படிவம் தமிழில் ஒவ்வொரு மருந்தகக் கவுண்டரிலும் கண்ணில் படும்படி இருக்கட்டும். எழுதத் தெரியாதவருக்குக் கவுண்டரில் இருப்பவர் கேட்டு எழுதித் தரட்டும். அந்த வேலைக்கு நேரம் இருக்காது என்று சொல்வீர்களானால், கவுண்டரின் நெருக்கடி எனக்கும் தெரியும். அதற்கு ஆள் கூட்டிக் கொடுக்க வேண்டியதும் உங்கள் பொறுப்புதான்.

இம்மடலுக்குப் பதிலாக, உங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது என்ற ஒற்றை வரிக் கடிதம் எனக்கு வேண்டாம். இச்சோதனை எந்த மாதம் முதல் கட்டாயமாகும், வடவட்டாரத்தில் எந்த ஆய்வுக்கூடம் அதைச் செய்யும், முடிவு எத்தனை நாளில் வரும், ஏற்கெனவே இந்நோயால் பாதிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் அழைத்துச் சோதிக்கும் ஏற்பாடு என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்லுங்கள். அந்த விடையை மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் பொதுவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தகப் பணியாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு